துளியா, ஆவியா? பெட்ரோல் எஞ்சினுக்குள் லேசர் பார்க்கும் வேலை

காரின் பின்புறத்தில் டிஎஸ்ஐ, டி-ஜிடிஐ என்று எழுத்துகள் ஒட்டியிருந்தால், அதன் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படுகிறது என்று பொருள். கார்பரேட்டர் காலத்தில் அப்படி இல்லை. பெட்ரோல் வெளியே, காற்று வரும் பாதையிலேயே கலந்துவிட்டுத்தான் உள்ளே போகும். பிறகு வந்த சாதாரண இன்ஜெக்ஷனிலும் இதே கதைதான். மூன்று நான்கு பார் அழுத்தம் (ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு) போதும், சூடான வால்வின் முதுகில் விழுந்து ஆவியாக அவகாசமும் உண்டு. நேரடிப் பீச்சலில் அந்த அவகாசம் பறிபோகிறது. இது புது யோசனை இல்லை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலேயே இருந்தது. ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டோடு சாதாரணக் குடும்பக் கார்களுக்கு அது வந்தது 1996-இல், மிட்சுபிஷி கேலன்ட் வழியாக.

எவ்வளவு அவகாசம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. காற்றை உள்ளே இழுக்கும் கட்டத்தின் ஆரம்பத்திலேயே பெட்ரோலைப் பீச்சினால், ஸ்பார்க் பிளக் பொறி தட்டுவதற்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஏறக்குறைய 280 டிகிரி சுற்றியிருக்கும். அதாவது 15 மில்லி விநாடிக்குச் சற்று மேல். பொறி தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பீச்சுவது என்று வைத்தால், கிடைப்பது 2 மில்லி விநாடிகூட இல்லை. அதற்குள் திரவமாக வந்த பெட்ரோல் துளியாக உடைந்து, ஆவியாகி, காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து முடிந்திருக்க வேண்டும்.

முடியாவிட்டால்? ஆவியாகாத துளி பிஸ்டன் தலையிலோ சிலிண்டர் சுவரிலோ போய் ஒட்டி, மெல்லிய படலமாகத் தங்கிவிடும். சுற்றிலும் தீ பரவும்போது அந்தப் படலம் போதிய காற்று கிடைக்காமல் புகைந்து எரியும். கரித்துகள் பிறப்பது அங்கேதான். டீசலுக்குத்தான் கரி, பெட்ரோல் சுத்தம் என்ற பழைய நம்பிக்கை நேரடிப் பீச்சல் எஞ்சின்களிடம் செல்லாது. ஐரோப்பாவில் யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த எஞ்சின்களுக்கென்றே மூன்று ஆண்டுச் சலுகை தர வேண்டியிருந்தது: கிலோமீட்டருக்கு 6 லட்சம் கோடி துகள் வரை விடலாம் என்றார்கள். சலுகை முடிந்ததும் அது பத்தில் ஒரு பங்காக, 60,000 கோடியாகக் குறைந்தது. எண்ணிக்கை மலைப்பாகத் தெரியும். ஒவ்வொரு துகளும் அவ்வளவு பொடி.

ஆகவே எஞ்சின் வடிவமைப்பவருக்கு வேண்டிய தகவல் இதுதான்: இந்த நொடியில், சிலிண்டரின் இந்த மூலையில், பெட்ரோல் திரவமாக எவ்வளவு, ஆவியாக எவ்வளவு? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு விடை காண உலகெங்கும் ஆய்வகங்கள் ஐம்பது ஆண்டுகளாகப் போராடிவருகின்றன. உள்ளே ஒரு குழாயை விட்டு மாதிரி எடுக்கலாம்தான். ஆனால் குழாயே காற்றோட்டத்தைக் கெடுத்துவிடும், துளியும் குழாயில் ஒட்டிக்கொள்ளும். தொடாமல் பார்க்க ஒளியை விட்டால் வேறு வழியில்லை.

பத்து மில்லிகிராம் பெட்ரோல்

எதைப் பார்க்கப் போகிறோம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். ஒரு முறை பீச்சப்படுவது சுமார் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒற்றைச் சொட்டைவிடச் சிறியது. உருண்டையாகத் திரட்டினால் 3 மில்லிமீட்டர் விட்டம் வரும், மேற்பரப்பு மூன்றில் ஒரு பங்கு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. இதையே 200 பார் அழுத்தத்தில் தலைமுடி பருமனுள்ள துளைகள் வழியாகத் தள்ளினால், காற்றில் மோதி 15 மைக்ரான் அளவுள்ள துளிகளாகச் சிதறும். (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) கணக்குப்படி சுமார் 80 லட்சம் துளிகள். எல்லாவற்றின் மேற்பரப்பையும் கூட்டினால் 58 சதுர சென்டிமீட்டர். அதே பெட்ரோல், இருநூறு மடங்கு பரப்பு. ஆவியாதல் மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பதால் இந்த இருநூறு மடங்குக்காகத்தான் அழுத்தத்தை 100 பாரிலிருந்து 200-க்கும், இப்போது 350-க்கும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

துளியின் அளவு பாதியானால் ஆவியாகும் நேரம் பாதியாகாது, கால் பங்காகும். துளி சுருங்கும்போது நேரத்தோடு சீராகக் குறைவது அதன் விட்டமல்ல, விட்டத்தின் வர்க்கம். அதனால் கூட்டத்தில் இருக்கும் நாலைந்து பெரிய துளிகள்தான் வில்லன்கள். சராசரி நன்றாக இருந்தாலும் கடைசிவரை ஆவியாகாமல் சுவரில் மோதுவது அவைதான்.

லேசர் ஏன்?

முதல் காரணம் வேகம். துளிகள் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஷட்டர் வைத்துப் படம் எடுத்தால், அதற்குள் துளி 10 சென்டிமீட்டர் போயிருக்கும்; எஞ்சின் சிலிண்டரின் அகலமே அவ்வளவுதான். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் என்டி-யாக் லேசரின் ஒரு துடிப்பு நீடிப்பது 10 நானோ விநாடிக்குள். (நூறு கோடி நானோ விநாடி சேர்ந்தால் ஒரு விநாடி.) அந்த நேரத்தில் அதே துளி நகர்வது ஒரு மைக்ரான். 15 மைக்ரான் துளிக்கு அது அசையாமல் நிற்பதற்குச் சமம். கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை, இருட்டறையில் ஒளி இருந்த அந்த நேரம்தான் படத்தில் பதியும்.

இரண்டாவது காரணம், லேசர் கற்றையை நமக்கு வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவர முடியும். உருளை வடிவ லென்ஸ் வழியாக அனுப்பினால் கற்றை ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் ஒடுங்கி, அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளித்தகடாகிவிடும். அந்தத் தகட்டை ஸ்பிரேயின் நடுவே செலுத்தி, பக்கவாட்டில் கேமராவை வைத்தால், ஸ்பிரேயைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் கிடைக்கும்.

மூன்றாவது, ஒரே நிறம். என்டி-யாக் லேசரின் அடிப்படை அலைநீளம் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. படிகங்கள் வழியாகச் செலுத்தினால் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகவும், அதையும் பாதியாக்கி 266 நானோமீட்டர் புற ஊதாவாகவும் மாற்றலாம். துல்லியமாக ஒரே நிறம் உள்ளே போகிறது என்பது தெரிந்தால், வெளியே வரும் நிறத்தை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியும். இனி வரப்போகிற எல்லா உத்திகளும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: 266 கண்ணுக்கே தெரியாது, ஆனால் கண்ணைப் பறித்துவிடும். லேசர் அறைக்குள் போகிறவர்கள் கண்ணாடி அணிவதோடு மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைப்பது எதிரொளிப்புக்குப் பயந்துதான்.

பளிச்சென்று தெரிவதெல்லாம் அதிகமல்ல

ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடுக்கு வழியாக வெயில் இறங்கும்போது அந்தக் கதிருக்குள் தூசு மினுமினுப்பதைப் பார்த்திருப்போம். தூசு மட்டுமே தெரியும், காற்று தெரியாது. பெட்ரோல் ஸ்பிரேயில் பச்சை லேசர் தகட்டை விட்டாலும் அதேதான். துளிகள் ஒளியைச் சிதறடித்துப் பளபளக்கும்; ஆவி, மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து கிடப்பதால், இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ உள்ள உருண்டைத் துளிகள் ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908-இல் முழுக் கணக்கை எழுதினார். இன்றும் இந்த வகைப் படத்துக்கு மீ சிதறல் படம் என்றே பெயர்.

மீ படம் எடுப்பது சுலபம், பார்க்க அழகு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும். திரவம் எது வரை போயிற்று, எந்தக் கோணத்தில் விரிந்தது என்பதைச் சொல்லும். ஆனால் அதன் பிரகாசத்தைப் பார்த்து "இங்கே பெட்ரோல் அதிகம்" என்று சொல்லக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் எண்ணை வைத்தே பார்ப்போம்.

ஓர் இடத்தில் 20 மைக்ரான் துளி ஒன்று இருக்கிறது. பக்கத்து இடத்தில் 10 மைக்ரான் துளிகள் எட்டு. இரண்டு இடத்திலும் பெட்ரோலின் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பருமன் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது: 20-இன் கனம் 8000, எட்டு முறை 10-இன் கனமும் 8000. சிதறும் ஒளியோ தோராயமாக விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒற்றைத் துளிக்கு 400. எட்டுத் துளிகளுக்கு 800. ஒரே அளவு பெட்ரோல், இரண்டாவது இடம் இரு மடங்கு பளிச்! பொடியாக உடைந்த இடத்தை "பெட்ரோல் நிறைந்த இடம்" என்று தப்பாகப் படித்துவிட இதைவிட வசதியான வழி வேறில்லை.

இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டதுதான் அடுத்த உத்தி. பெட்ரோலில், புற ஊதா ஒளி பட்டால் வேறு நிறத்தில் ஒளிரும் பொருளைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். மூலக்கூறு ஒளியை விழுங்கி, சில நானோ விநாடி வைத்திருந்து, கொஞ்சம் ஆற்றலைத் தொலைத்துவிட்டு, நீளமான அலைநீளத்தில் திருப்பி உமிழ்கிறது. இதற்கு உடனொளிர்வு என்று பெயர். துளி முழுவதும் இந்தப் பொருள் பரவியிருப்பதால் ஒளிர்வு துளியின் பருமனைப் பொறுத்தது, அதாவது விட்டத்தின் கனத்தை. ஒரு கேமரா சிதறலை மட்டும் பார்க்கட்டும், இன்னொன்று ஃபில்டர் போட்டுக்கொண்டு ஒளிர்வை மட்டும் பார்க்கட்டும். இரண்டாவது படத்தை முதல் படத்தால் வகுத்தால், கனத்தை வர்க்கத்தால் வகுத்த மாதிரி, மிஞ்சுவது விட்டம். நம் எடுத்துக்காட்டில் 8000-ஐ 400-ஆல் வகுத்தால் 20. 8000-ஐ 800-ஆல் வகுத்தால் 10. இரண்டு படமும் தனித்தனியே பொய் சொல்ல, இரண்டும் சேர்ந்து உண்மையைச் சொல்கின்றன. இப்படிக் கிடைப்பது சாட்டர் சராசரி விட்டம், அதாவது மொத்தப் பருமனுக்கும் மொத்தப் பரப்புக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் சராசரி. ஆவியாதலுக்கு மிகவும் பொருத்தமான சராசரியும் அதுதான்.

ஆனால் ஸ்பிரே ஆவியாகத் தொடங்கினால் சிக்கல். ஒளிர்பொருள் ஆவியிலும் இருக்கும், அதுவும் ஒளிரும். அப்போது ஒளிர்வுப் படத்தில் தெரிவது திரவமா ஆவியா? வகுத்துக் கிடைத்த விட்டம் எதன் விட்டம்?

ஆவியைத் தனியே பிடிக்கும் வழிகள்

எனக்குப் பிடித்த வழி எளிமையானது: இரண்டு நிறத்தை ஒரே பாதையில் அனுப்பிக் கழித்துப் பார்ப்பது. ஹீலியம்-நியான் லேசர் சிவப்பு ஒளி தருவது பலருக்குத் தெரியும், 633 நானோமீட்டர். அதே வாயுக் கலவையிலிருந்து 3.39 மைக்ரான் அகச்சிவப்பும் எடுக்கலாம். ஹைட்ரோகார்பன் மூலக்கூறில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு அதிர்வது கிட்டத்தட்ட இதே அலைநீளத்தில்தான். யாரும் திட்டமிட்டதல்ல, இயற்கையில் அமைந்த பொருத்தம். சிவப்பு ஒளி துளியால் மட்டும் தடைபடும். அகச்சிவப்பு துளியாலும் தடைபடும், ஆவியாலும் விழுங்கப்படும். இரண்டிலும் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கழித்தால் மிஞ்சுவது ஆவி. 1981-இலேயே வந்துவிட்ட உத்தி இது. பின்னாளில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் இதே யோசனையை 266, 532 நானோமீட்டர் ஜோடியை வைத்துப் படமாகவே எடுத்தார்கள். புற ஊதாவை விழுங்கும் சைலீனைப் பெட்ரோலின் இடத்தில் வைத்தார்கள். குறை என்னவென்றால், ஒளி கடந்து வந்த பாதை முழுவதன் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். பாதையில் எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரியாது.

இன்னொரு வழி வேதியியல் தந்திரம். அமெரிக்காவில் லின் மெல்டன் 1983-இல் டீசலுக்காக முன்வைத்தது. எரிபொருளில் இரண்டு பொருள்களைக் கலக்கிறார்கள். ஒன்று புற ஊதாவை விழுங்கிக் கிளர்ச்சியடையும். திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், கிளர்ந்த மூலக்கூறு பக்கத்திலிருக்கும் இரண்டாவது பொருளின் மூலக்கூறோடு கணநேரம் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தற்காலிக ஜோடிக்கு எக்ஸிப்ளெக்ஸ் என்று பெயர். ஜோடி ஒளிரும்போது நீளமான அலைநீளத்தில் ஒளிரும். ஆவியில் மூலக்கூறுகள் விலகி விலகிக் கிடக்கும், ஜோடி சேர ஆள் கிடைக்காது, எனவே முதல் பொருள் தனியாகவே, குறுகிய அலைநீளத்தில் ஒளிரும். ஆகத் திரவம் ஒரு நிறம், ஆவி ஒரு நிறம். இரண்டு கேமரா, இரண்டு ஃபில்டர், வேலை முடிந்தது. பெட்ரோலுக்கு ஏற்ற ஜோடியாக ஃப்ளூரோபென்சீனையும் டைஎத்தில்மெத்தில் அமீனையும் ஹெக்ஸேனில் கலந்து பயன்படுத்துகிறார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆவியாகும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆக்சிஜன் இந்த ஒளிர்வை அணைத்துவிடும். அதனால் எஞ்சினுக்குக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனைக் கொடுக்க வேண்டும். நைட்ரஜனில் எதுவும் எரியாது. எரிவதற்காகவே உள்ள ஓர் எஞ்சினை எரிய விடாமல் ஓட்டி அளப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆவியாதலை மட்டும் பார்க்க வேண்டியவர்களுக்கு அது போதும்.

துளிகள் பெரும்பாலும் மறைந்தபின், பொறி தட்டும் நேரத்தில் ஆவி எங்கே எவ்வளவு என்று அறிய வேறு பொருள்களைச் சேர்க்கிறார்கள். பங்க்கில் விற்கும் பெட்ரோல் நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அதிலுள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் (பென்சீன் வளையம் கொண்டவை) தாமாகவே கன்னாபின்னாவென்று ஒளிரும். எது எவ்வளவு ஒளிர்ந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் பெட்ரோலின் ஒரு கூறான, ஒளிராத ஐசோ ஆக்டேனை எடுத்து, அதில் 3-பென்டனோன் என்ற கீட்டோனைச் சிறிதளவு கலக்கிறார்கள். ஐசோ ஆக்டேனின் கொதிநிலை 99 டிகிரி செல்சியஸ், இதன் கொதிநிலை 102. கூடவே ஆவியாகும் என்பதால் இது எங்கே ஒளிர்கிறதோ அங்கே எரிபொருளும் இருக்கிறது என்று கொள்ளலாம். கீட்டோன்களை ஆக்சிஜன் அதிகம் தொந்தரவு செய்வதில்லை என்பதால் உண்மையான காற்றோடு எஞ்சினை ஓட்டலாம். இன்னோர் ஒளிர்பொருளான டொலுவீன் வேறு மாதிரி. ஆக்சிஜன் அதை அடக்கும், வெப்பநிலை கூடினால் அதன் ஒளிர்வு சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வை இரண்டு ஃபில்டர்களால் அளந்து, ஆவியாகும் பெட்ரோல் சுற்றியுள்ள காற்றை எவ்வளவு குளிர்வித்தது என்பதையும் கண்டுபிடிக்கிறார்கள்.

எதையும் கலக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு, அது திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ராமன் விளைவு. நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரோகார்பன் என ஒவ்வொரு மூலக்கூறும் மோதும் ஒளியின் நிறத்தைத் தனக்கே உரிய அளவில் மாற்றித் தரும். ஒரே லேசர் துடிப்பில் மூன்றையும் அளந்து, எரிபொருளுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை நேரடியாகப் பெறலாம். இவ்வளவு நல்ல முறையை ஏன் எல்லாரும் எல்லா இடத்திலும் பயன்படுத்தவில்லை? ராமன் சிதறல் அவ்வளவு மங்கல். பக்கத்தில் ஒரு பெட்ரோல் துளி இருந்தால் போதும், அதன் சிதறலில் ராமன் ஒளி அடித்துக்கொண்டு போய்விடும். துளியெல்லாம் போன பிறகுதான் அதற்கு வேலை.

ஆவியின் எல்லைக்கோடு மட்டும் போதும் என்றால் லேசரே வேண்டாம். ஆகஸ்ட் டோப்ளர் 1864-இல் செம்மைப்படுத்திய ஷ்லீரன் முறையில், அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைவதை வைத்து ஆவியின் விளிம்பைப் பார்க்கலாம். சாதாரண எல்இடி விளக்கே போதும். லேசரைப் போட்டால் படம் புள்ளி புள்ளியாகக் கெட்டுவிடுகிறது.

ஒற்றைத் துளியின் அளவும் வேகமும்

இதுவரை சொன்னவை படம் எடுக்கும் முறைகள். ஃபேஸ் டாப்ளர் கருவி படம் எடுப்பதில்லை. இரண்டு லேசர் கற்றைகளை ஒரு புள்ளியில் குறுக்கிடச் செய்கிறார்கள். குறுக்கிடும் இடத்தில் ஒளியும் இருளுமாக வரி வரியாக ஒரு சிறு மண்டலம் உருவாகும். துளி அதைக் கடக்கும்போது சிதறும் ஒளி மினுக் மினுக்கென்று துடிக்கும். எவ்வளவு விரைவாகத் துடிக்கிறதோ அவ்வளவு வேகம். இதே துடிப்பை வேறு வேறு கோணங்களில் வைத்த இரண்டு உணரிகள் சற்று முன்பின்னாகப் பார்க்கும். அந்த முன்பின் இடைவெளி துளியின் விட்டத்தைச் சொல்லும். ஆயிரக்கணக்கான துளிகளை ஒவ்வொன்றாக, அளவும் வேகமும் சேர்த்து அளக்கும் முறை இது; மற்ற முறைகளைச் சரிபார்க்க இதைத்தான் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான். ஸ்பிரே முழுவதையும் அளக்கப் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். துளி உருண்டையாக இருக்க வேண்டும். இன்ஜெக்டர் மூக்கின் அருகில் துளிகள் அடர்த்தியாக மொய்க்கும் இடத்தில், ஒரே நேரத்தில் பல துளிகள் உள்ளே நுழைந்து கருவி குழம்பிவிடும்.

அடர்த்தி எல்லா முறைகளுக்கும் பொது எதிரி. ஒளித்தகட்டிலிருந்து ஒரு துளியில் பட்டுச் சிதறிய ஒளி நேராகக் கேமராவுக்கு வந்தால்தான் அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். நடுவில் இன்னும் நாலு துளிகளில் மோதி வந்தால், இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எட்வார்ட் பெரோகாலும் கூட்டாளிகளும் 2008-இல் இதற்கு நேர்த்தியான ஒரு தீர்வு தந்தார்கள். தகட்டின் மீதே வரி வரியாக ஒரு கோலத்தைப் பதித்து அனுப்புவது. ஒரே ஒரு முறை சிதறிய ஒளியில் அந்த வரிகள் அப்படியே இருக்கும். பல முறை மோதிய ஒளியில் வரிகள் அழிந்து சமமாகிவிடும். வரிகளை மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று நகர்த்தி மூன்று படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், மூன்றிலும் மாறாமல் இருக்கும் மங்கல் ஒழிந்து, வரியோடு வந்த ஒளி மட்டும் மிஞ்சும். படத்தில் புகைமூட்டமாகத் தெரிந்த இடம் திடீரென்று தெளிவாகும். மேலே சொன்ன கனம்-வர்க்க வகுத்தலும் இந்தச் சுத்திகரிப்புக்குப் பிறகுதான் நம்பத் தகுந்ததாகிறது.

இரும்பு எஞ்சினுக்குள் எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது, அதனால் கண்ணாடி எஞ்சின் செய்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பவ்டிச் 1961-இல் வெளியிட்ட வடிவமைப்பு இன்றும் அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. பிஸ்டனை நீளமாக்கி, உள்ளே கூடாக்கி, தலையில் குவார்ட்ஸ் ஜன்னல் வைக்கிறார்கள். கூட்டின் பக்கவாட்டில் பெரிய திறப்பு. அதன் வழியாக 45 டிகிரியில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஓர் எதிரொளிப்பான் உள்ளே நீட்டி, அசையாமல் நிற்கும். பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்தாலும் அந்த எதிரொளிப்பான் வழியாக எரியறையைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிலிண்டர் சுவரின் மேல்பகுதியும் குவார்ட்ஸ்தான். லேசர் தகடு அதன் வழியாக நுழையும். சாதாரணக் கண்ணாடி 266 நானோமீட்டரை விடாது என்பதால் குவார்ட்ஸ் கட்டாயம்.

எண்ணெய் பட்டால் ஜன்னல் பாழாகும், ஆகையால் எண்ணெய் கேட்காத பிஸ்டன் வளையம். வேகமும் குறைவாகத்தான் ஓட்ட முடியும். ஒரு முறை எரியவிட்டுப் பல சுற்றுகள் சும்மா ஓடவிடுவார்கள், குவார்ட்ஸ் சூடாகி உடையக் கூடாது என்று. நடுநடுவே நிறுத்தி, கழற்றி, ஜன்னலைத் துடைத்து மீண்டும் மாட்டும் வேலை முடிவில்லாமல் போகும். இவ்வளவு செய்தாலும் குவார்ட்ஸ் சுவரின் வெப்பநிலை இரும்புச் சுவரின் வெப்பநிலைக்குச் சமமாக இருக்காது. சுவரில் படியும் பெட்ரோல் படலம் ஆவியாகும் வேகமும் மாறும். கண்ணாடி எஞ்சினில் அளந்த எண்ணை அப்படியே ரோட்டில் ஓடும் காருக்குப் பொருத்துகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இந்தத் தலைவலிகளைத் தவிர்க்கவே பலர் எஞ்சினை விட்டுவிட்டு, ஜன்னல் வைத்த அழுத்தக் கலனுக்குள் ஸ்பிரேயை மட்டும் படிக்கிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டியா தேசிய ஆய்வகம் முன்னின்று நடத்தும் எஞ்சின் கம்பஸ்டியன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு, ஸ்பிரே ஜி என்று ஒரு பொது இலக்கை வகுத்திருக்கிறது. எட்டுத் துளை, துளை ஒவ்வொன்றும் 165 மைக்ரான், 200 பார், எரிபொருள் 90 டிகிரியில் ஐசோ ஆக்டேன், கலனுக்குள் 300 டிகிரி, 6 பார் நைட்ரஜன். எந்த நாட்டில் அளந்தாலும் இதே நிலையில் அளந்து ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபோதுதான், மீ படத்தில் "திரவம் முடியும் இடம்" என்பதே ஒவ்வோர் ஆய்வகத்திலும் விளக்கின் இடத்தையும், எந்தப் பிரகாசத்துக்குக் கீழே இருட்டு என்று கொள்வது என்பதையும் பொறுத்து மாறுகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. பின்னாலிருந்து சீரான ஒளி பாய்ச்சி, எவ்வளவு மறைகிறது என்று அளக்கும் முறைக்கு அவர்கள் மாறியது அதனால்தான். அது திரவத்தின் அளவோடு நேராகத் தொடர்பு கொண்டது.

ஸ்பிரே ஜி வரிசையில் இன்னொரு நிலை இருக்கிறது: எரிபொருள் அதே 90 டிகிரி, ஆனால் கலனுக்குள் அரை பார் அழுத்தம்தான். பாதி ஆக்சிலரேட்டரில் ஓடும் எஞ்சின் உள்ளிழுக்கும்போது இருப்பது இந்த நிலை. அந்த அழுத்தத்தில் 90 டிகிரி ஐசோ ஆக்டேன் கொதிநிலையைத் தாண்டிவிட்டது. துளையை விட்டு வெளியே வந்ததும் குபீரென்று கொதித்து வெடிக்கிறது. துளி பொடிப்பொடியாகும், ஆவியாதல் சுருக்காக நடக்கும், எல்லாம் நல்லதற்கே என்று தோன்றும். ஆனால் எட்டுத் தனித்தனிப் பீச்சல்களும் விரிந்து ஒன்றையொன்று தொட்டு, நடுவில் அழுத்தம் குறைந்து, உள்ளுக்குள் இழுக்கப்பட்டு ஒரே பீச்சலாகக் குவிந்துவிடக் கூடும். எட்டுத் திசையில் போக வேண்டிய பெட்ரோல் ஒரே திசையில், நினைத்ததைவிடத் தூரம் பாய்ந்து பிஸ்டனில் மோதும். இதை வெளிச்சம் போட்டுக் காட்டியவை மீ படங்களும் ஷ்லீரன் படங்களும்தான். கீழிருந்து பார்த்தால் எட்டு இதழாகத் தெரிந்தது ஒரு வட்டமாகிவிடுகிறது.

நம் ஊர் பங்க்குகளில் 2023 பிப்ரவரி முதல் விற்பனைக்கு வந்த, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தக் கணக்குகளை இன்னும் சுவாரசியமாக்குகிறது. எத்தனாலுக்கு ஒரே கொதிநிலை, 78 டிகிரி. பெட்ரோலோ முப்பது சொச்சம் டிகிரியில் தொடங்கி 200 வரை படிப்படியாக ஆவியாகும். ஒரு கிலோ எத்தனால் ஆவியாக வேண்டிய வெப்பம் பெட்ரோலைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால் சிலிண்டர் நன்றாகக் குளிர்கிறது, நாக்கிங் (கலவை தானாகவே தீப்பிடித்துத் தட்டுவது) குறைகிறது. அதே குளிர்ச்சி ஆவியாதலைத் தாமதப்படுத்தி, எஞ்சின் சூடேறாத வேளையில் பிஸ்டனில் படியும் படலத்தை அதிகமாக்கவும் கூடும். லேசரால் இதைப் படிக்க வேண்டுமென்றால் ஒளிர்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே சிக்கல். ஐசோ ஆக்டேனோடு ஒத்துப்போகும் 3-பென்டனோன் எத்தனாலைப் பின்தொடராது. எத்தனாலுக்குப் பக்கத்தில் கொதிக்கும் பியூட்டனோனை, 80 டிகிரி, எடுத்துக்கொண்டால் அது பெட்ரோலின் கனமான பகுதியைக் கைவிட்டுவிடும். போதாததற்கு, எத்தனாலும் ஹைட்ரோகார்பனும் சேரும்போது இரண்டின் கொதிநிலையையும்விடக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் கலவைகள் உண்டாகின்றன. கொதிநிலை அட்டவணையைப் பார்த்து ஒளிர்பொருளைத் தேர்வு செய்தால் இங்கே போதாது. கலவையில் அது உண்மையிலேயே எதனோடு சேர்ந்து ஆவியாகிறது என்பதைத் தனியாக அளந்துவிட்டுத்தான் லேசரை எஞ்சின் பக்கம் திருப்ப வேண்டும்.